முதியோர் வாக்கும் தேர்தல் அறிக்கைகளும்

தேர்தல் அறிக்கைகளை வரிக்கு வரி படிப்போர் நம்மிடையே குறைவு. தேர்தல் முடிந்தபின் அவற்றை எடுத்துப் பார்ப்போர் அதனினும் குறைவு. 2026 சட்டப்பேரவைத் தேர்தலுக்கான அறிக்கைகள் வெளிவருமுன், கடந்த தேர்தல்களில் முதியோருக்குக் கட்சிகள் எதை வாக்களித்தன, அவற்றுள் எது நிறைவேறியது என்று கணக்குப் பார்ப்பது பயன்தரும். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையிலும், மூத்த குடிமகன் என்ற முறையிலும் இக்கணக்கில் எனக்கு அக்கறை உண்டு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு. 2031-இல் இது 18.2 விழுக்காடாக உயரும் என்பது அதிகாரபூர்வ மதிப்பீடு. அதாவது, ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவர் முதியவராக இருப்பார். ஓய்வூதியம் என்றவுடன் பொதுவிவாதம் அரசு ஊழியர்களின் பழைய ஓய்வூதியத் திட்டத்தைச் சுற்றியே நிற்கிறது. அது முக்கியமான பிரச்னைதான். ஆனால், எங்கள் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளிப்பூ பறித்து வாழ்ந்தவருக்கும், சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கண்பார்வையைத் தேய்த்தவருக்கும், நாமக்கல் கோழிப்பண்ணையில் உழைத்து ஓய்ந்தவருக்கும் பழைய திட்டமும் இல்லை, புதிய திட்டமும் இல்லை. அவர்களுக்கு இருப்பது முதியோர் உதவித்தொகை ஒன்றே.

1962-இல் தொடங்கப்பட்ட அந்த உதவித்தொகை 2011-இல் ரூ.1,000 ஆக்கப்பட்டது. அதன்பின் பத்தாண்டு அ.தி.மு.க. ஆட்சியில் அத்தொகை உயரவில்லை. 2021 தேர்தலில் அக்கட்சி அதனை ரூ.2,000 ஆக்குவதாகவும், தி.மு.க. ரூ.1,500 ஆக்குவதாகவும் வாக்களித்தன. வென்ற தி.மு.க. அரசு 2023 ஆகஸ்ட் முதல் வழங்குவது ரூ.1,200. ஒரு கட்சி ஆட்சியில் இருந்தபோது உயர்த்தாததை வாக்குறுதியில் இரட்டிப்பாக்கியது. மற்றொன்று வாக்களித்ததில் பாதி வழியைக்கூடக் கடக்கவில்லை.

இதில் விலைவாசியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நுகர்வோர் விலைக் குறியீட்டெண் 2012-ஐ 100 எனக் கொண்டால், 2025-இல் அது 190-ஐத் தாண்டிவிட்டது. எனவே, இன்றைய ரூ.1,200-இன் வாங்கும் சக்தி 2012-இன் கணக்கில் ஏறத்தாழ ரூ.630 மட்டுமே. எண்ணில் உயர்ந்த தொகை, அரிசிக் கடையிலும் மருந்துக் கடையிலும் தேய்ந்திருக்கிறது.

மத்திய அரசின் நிலை இதனினும் மோசம். தேசிய சமூக உதவித் திட்டத்தின் கீழ் 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு அதன் பங்கு மாதம் ரூ.200, எண்பதைக் கடந்தவர்களுக்கு ரூ.500. இந்த ரூ.200, 2006-இல் நிர்ணயிக்கப்பட்டது. காங்கிரஸ் தலைமையிலான ஆட்சியிலும் அது உயரவில்லை, பா.ஜ.க. ஆட்சியிலும் உயரவில்லை. 2024 மக்களவைத் தேர்தல் அறிக்கையில் இதனைக் குறைந்தது ரூ.1,000 ஆக்குவதாகக் காங்கிரஸ் கூறியது. அடல் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறதே எனலாம். அதில் நாற்பது வயதுக்குள் சேர்ந்து, தவணை கட்டி வந்தால்தான் அறுபதில் பலன். 2015-இல் அது தொடங்கியபோதே முதுமையை நெருங்கிவிட்டவர்களுக்கு அதில் இடமில்லை.

பா.ஜ.க. 2024-இல் முதியோருக்கு முன்வைத்த முதன்மை வாக்குறுதி மருத்துவக் காப்பீடு. எழுபது வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சிகிச்சை என்றது. அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று தொடங்கியும் வைத்தது. காங்கிரஸ், வயது வேறுபாடின்றி அனைவருக்கும் ரூ.25 லட்சம் வரையிலான கட்டணமில்லாக் காப்பீட்டை வாக்களித்தது. தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடைபெறுவது, 2018-இல் மத்தியத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆட்சி மாறினாலும் கைவிடப்படாத திட்டம் என்பது அதன் பெருமை.

ஆயினும் ரூ.5 லட்சமா, ரூ.25 லட்சமா என்ற போட்டியில் ஓர் அடிப்படை உண்மை மறைந்துவிடுகிறது. இக்காப்பீடுகள் பெரிதும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானவை. முதியவரின் பணத்தை மாதந்தோறும் கரைப்பவை சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள், பரிசோதனைகள், மருத்துவர் கட்டணம், நகரத்துக்குச் சென்றுவரும் செலவு, உடன் வருபவர் இழக்கும் ஒருநாள் கூலி ஆகியவை. இதய அறுவைச் சிகிச்சைக்கு அட்டை உண்டு. அந்த அறுவையைத் தவிர்க்க உதவும் மாத்திரைக்கு அட்டை இல்லை. இந்த இடைவெளியை நேரடியாகத் தொட்டது, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’. அதை வலுப்படுத்துவது, காப்பீட்டுத் தொகையை உயர்த்துவதைக் காட்டிலும் பெருவாரியான முதியோருக்குப் பயன்படும் என்பது என் கருத்து.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. பத்து லட்சம் பேருக்கு மாதம் நூறு ரூபாய் கூட்டினால் ஆண்டுச் செலவு ரூ.120 கோடி. இந்த வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டால் எந்த வாக்குறுதியின் விலையையும் வாசகரே கணித்துவிடலாம். ரூ.1,200-ஐ ரூ.2,000 ஆக்க, ஒவ்வொரு பத்து லட்சம் பேருக்கும் ஆண்டுக்கு ரூ.960 கோடி கூடுதலாக வேண்டும். சிறு தொகையன்று; இயலாததும் அன்று. ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் ரூ.4,000 வழங்கப்படுகிறது, கேரளத்தில் 2025 நவம்பர் முதல் ரூ.2,000. அவ்விரு மாநிலங்களும் நிதி நெருக்கடியை அறியாதவை அல்ல. எதை முதலில் வைப்பது என்பதில்தான் வேறுபாடு.

ஆகவே, வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். முதலாவது, நீங்கள் சொல்லும் உதவித்தொகை எந்த மாதத்திலிருந்து கிடைக்கும், விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் தானாக உயருமா? அரசு ஊழியருக்கு அகவிலைப்படி உண்டு. அரளித் தோட்டத்து மூதாட்டிக்கு ஏன் கூடாது? இரண்டாவது, மத்திய அரசின் ரூ.200-ஐ உயர்த்த உங்கள் கட்சியின் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் என்ன செய்தார்கள்? மூன்றாவது, மருத்துவமனைக்குப் போகாத நாள்களில் முதியவருக்கு ஆகும் மருந்துச் செலவுக்கு உங்கள் திட்டத்தில் என்ன இடம்?

முதியோர் ஊர்வலம் போவதில்லை. சாலை மறியல் செய்யவும் அவர்களால் இயலாது. வாக்குச்சாவடிக்குத் தவறாமல் வருகிறார்கள். அவர்களைப் பற்றிய வாக்குறுதி, தொகையோடும் தேதியோடும் எழுதப்பட வேண்டும். தேதி இல்லாத வாக்குறுதிக்குக் காத்திருக்க அவர்களிடம் ஆண்டுகள் மிச்சமில்லை.