இடம் மாறினால் நிறம் மாறும்

1941 ஜனவரியில் பிரான்சின் லியோன் நகரில் ஓவியர் ஹென்றி மத்தீசுக்குக் குடல் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை நடந்தது. வயது 71. உயிர் பிழைத்தார்; ஆனால் கித்தான்முன் நெடுநேரம் நின்று தீட்டும் தெம்பு திரும்பவில்லை. கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடியே கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார்.

உதவியாளர்கள் வெள்ளைத் தாள்களில் குவாஷ் பூசிக் காயவைப்பார்கள். போஸ்டர் கலரைப் போன்ற, நீரில் கரையும் வண்ணம் அது. அந்தத் தாள்களை மத்தீஸ் வெட்டித் தருவார். அவர் கைகாட்டும் இடத்தில் உதவியாளர்கள் குண்டூசியால் சுவரில் குத்துவார்கள். பிடிக்கவில்லையா, பிடுங்கி வேறிடத்தில் குத்துவார்கள்.

தைல ஓவியத்தின் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் பளபளக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்து நிறத்தை மறைக்கும். குவாஷில் நீர் ஆவியானதும் நிறமித் துகள்கள் சொரசொரப்பாக வெளியே தெரிகின்றன. அவற்றில் படும் ஒளி எல்லாத் திசையிலும் சிதறுவதால், எங்கிருந்து பார்த்தாலும் நிறம் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும்.

ஆனால் ஒரு நிறம் எப்படித் தோன்றும் என்பது அந்தத் தாளை மட்டும் பொறுத்ததல்ல. பாரிஸின் கோபெலின் நெசவாலையில் கறுப்புச் சாயம் மங்கலாக இருப்பதாகப் புகார் எழுந்தபோது வேதியியலாளர் ஷெவ்ரூல் அதை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் கறுப்பை வெளிறிக் காட்டின. 1839இல் அவர் இதை நூலாக வெளியிட்டார். நம் பார்வை ஒவ்வொரு நிறத்தையும் அண்டை நிறத்தோடு ஒப்பிட்டே உணர்கிறது. சிவப்பின் அருகே பச்சை வந்தால் இரண்டுமே தூக்கலாகத் தெரியும்.

1953இல் மத்தீஸ் உருவாக்கிய 'நத்தை' லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலமும் உயரமும் ஏறத்தாழ 2.87 மீட்டர். கிழித்ததும் வெட்டியதுமான வண்ணத் துண்டுகள் சுருளாகச் சுற்றி வருகின்றன. எதிரெதிர் நிறங்கள் அடுத்தடுத்து அமர்ந்து ஒன்றையொன்று ஏற்றிக் காட்டுகின்றன.

தாளை வெட்டி நகர்த்திப் பார்க்கும் இந்த உத்தி அவருக்குப் புதிதல்ல. 1930களில் அமெரிக்காவின் பார்ன்ஸ் அறக்கட்டளைக் கலைக்கூடத்துக்குப் பெரிய சுவரோவியம் தீட்டியபோது, வண்ணத்தாள்களை நகர்த்தி நகர்த்தித்தான் அமைப்பை முடிவுசெய்தார். அன்று ஒத்திகைக்கு உதவிய தாளே பின்னாளில் படைப்பானது. நிறத்தின் தோற்றம் அண்டையைப் பொறுத்தது என்றால், எது எங்கே பொருந்தும் என்பதை வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தைலத்தில் அதற்குச் சுரண்டி எடுத்து மறுபடி தீட்ட வேண்டும். தாளில் ஊசியைப் பிடுங்கினாலே போதும்.