இத்தாலியிலும் களி உண்டு: மக்காச்சோளமும் முட்டையும் இருந்தால் 'பொலென்டா' ரெடி!

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது புதுச்சத்திரம். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்து ஊர். இங்கே கோழித் தீவனத்தில் முக்கியப் பொருள் மக்காச்சோளம். இந்த இரண்டையும் வைத்தே ஓர் இத்தாலிய உணவை வீட்டில் செய்யலாம். பெயர், பொலென்டா. நம்ம பாஷையில் சொன்னால், மக்காச்சோளக் களி.

இத்தாலியன்னாலே மைதா, சீஸ் தானே?

கடையில் கிடைக்கும் ஒயிட் சாஸ் பாஸ்தாவைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இத்தாலிய வீட்டுச் சமையலின் அடிப்படை தானியம், பயறு, காய்கறி, தக்காளி, பூண்டு. சீஸ் பெரும்பாலும் மேலே தூவும் அளவுதான். அங்கே ஒருவருக்கு ஒரு வேளைக்குப் பரிந்துரைக்கப்படும் உலர்ந்த பாஸ்தாவே 80 கிராம்தான். வட இத்தாலியின் கிராமங்களில் பாஸ்தாவைவிட பொலென்டாதான் பல காலம் அன்றாடச் சாப்பாடு.

களி மட்டும் போதுமா?

போதாது. இதற்கு ஒரு சோக வரலாறே இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மக்காச்சோளம், 18-ம் நூற்றாண்டில் வட இத்தாலிய ஏழை விவசாயிகளின் முக்கிய உணவானது. கூடவே தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் என ஒரு நோயும் பரவியது. 1771-ல் மிலான் மருத்துவர் ஃபிரான்செஸ்கோ ஃப்ரபோல்லி அதற்கு 'பெலாக்ரா' என்று பெயரிட்டார். பலர் உயிரிழந்தனர்.

காரணம், நியாசின் என்ற பி3 வைட்டமின் குறைபாடு. மக்காச்சோளத்தில் நியாசின் இருந்தாலும், உடல் எளிதில் எடுத்துக்கொள்ள முடியாத வடிவில் இருக்கிறது. மெக்ஸிகோ மக்கள் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அதைச் சரிசெய்தார்கள். தானியம் ஐரோப்பாவுக்குப் போனது. அந்தப் பக்குவம் போகவில்லை.

முட்டை ஏன் முக்கியம்?

முட்டையின் புரதத்தில் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் உண்டு. அதிலிருந்து உடலே நியாசினைத் தயாரித்துக்கொள்ளும். மக்காச்சோளத்தில் குறைவாக இருப்பதும் அதுதான். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதமும் கிடைக்கும்.

எப்படிச் செய்வது?

மூன்று பேருக்கு ஒரு கப் மக்காச்சோள ரவை, நான்கு கப் தண்ணீர். கொதிக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டு, ரவையைத் தூவிக்கொண்டே கிளற வேண்டும். கட்டி தட்டாமல் களி கிண்டத் தெரிந்த கைக்கு இது சுலபம். சிறு தீயில் 30 முதல் 40 நிமிடம் வேகட்டும்.

இன்னொரு அடுப்பில் இரண்டு ஸ்பூன் கடலை எண்ணெய், நசுக்கிய பூண்டு நாலு பல், பொடியாக நறுக்கிய நாட்டுத் தக்காளி ஐந்து, உப்பு. 15 நிமிடத்தில் தொக்கு மாதிரி சுண்டும். அதில் குழி பறித்து மூன்று முட்டையை உடைத்து ஊற்றி, வேகும்வரை மூடி வையுங்கள். களியின் மேல் போட்டால் சாப்பாடு தயார். கைப்பிடி முருங்கைக்கீரை சேர்த்தாலும் நன்றாக இருக்கும்.

ஆலிவ் எண்ணெய் வேண்டாமா?

இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஆலிவ் எண்ணெயின் முக்கியக் கொழுப்பான ஒலியிக் அமிலம் கடலை எண்ணெயிலும் கணிசமாக இருக்கிறது. அளவுதான் முக்கியம்.

எதில் கவனம் வேண்டும்?

தீவனத்துக்கு வரும் மக்காச்சோளத்தை அரைத்துச் சமைக்கக் கூடாது. சரியாகக் காயாத தானியத்தில் பூஞ்சை நச்சு இருக்கலாம். உணவுக்கென விற்பதையே வாங்குங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதுவும் மாவுச்சத்துதான். களியைக் குறைத்து, முட்டையையும் கீரையையும் கூட்டிக்கொள்ளலாம்.

பெலாக்ரா சொல்லும் பாடம் பாஸ்தாவுக்கும் பொருந்தும், நம்ம சோற்றுக்கும் பொருந்தும். தட்டில் தானியம் மட்டும் இருந்தால் அது பசியைத்தான் அடக்கும். கூட என்ன வைக்கிறோம் என்பதில்தான் ஆரோக்கியம்.