ஒரே இருபது எண்கள், இரண்டு தீர்ப்புகள்

இரண்டு மருந்துகள், இரண்டு விதை ரகங்கள், இரண்டு பயிற்றுமுறைகள் என்று எதை ஒப்பிட்டாலும் இரண்டின் சராசரியும் அச்சாக ஒன்றாக வருவதில்லை. ஒரே வயலை இரண்டாகப் பிரித்து, ஒரே விதையை இரு பக்கமும் தூவினாலும் மகசூல் கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருக்கும். ஆகவே வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்பதில் பொருளில்லை. அது தெரியத்தான் செய்யும். உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாத நிலையிலும், வெறும் தற்செயலாலேயே இந்த அளவு வித்தியாசம் வந்திருக்கக்கூடுமா என்பதே புள்ளியியல் கேட்கும் கேள்வி.

ஒரு மருந்தை உட்கொள்ளக்கூடிய நோயாளிகள் அனைவரும் ஒரு முழுமைத்தொகுதி. மற்ற மருந்தை உட்கொள்ளக்கூடியவர்கள் இன்னொரு முழுமைத்தொகுதி. இரண்டையும் முழுக்க அளந்து முடிக்க யாராலும் ஆகாது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மாதிரியை எடுத்து, அதை வைத்துக்கொண்டுதான் முழுமைத்தொகுதிகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. இரண்டு தொகுதிகளுக்கும் இடையே வேறுபாடே கிடையாது என்று முதலில் வைத்துக்கொள்வது வழக்கம். இதற்கு இன்மை எடுகோள் என்று பெயர். வேறுபாடு உண்டு என்பது மாற்று எடுகோள். வேறுபாடே இல்லையென்றால் இவ்வளவு பெரிய வித்தியாசம் வருவது மிக அரிது என்று கணக்கு காட்டினால், இன்மை எடுகோள் கைவிடப்படும். காட்டாவிட்டால் அது கைவிடப்படாமல் நிற்கும், அவ்வளவுதான். அதனால் அது நிரூபிக்கப்பட்டதாக ஆகிவிடாது. இந்தக் கடைசி வாக்கியத்தை மறந்ததால் எழுதப்பட்ட தவறான முடிவுரைகள் ஏராளம்.

இந்தத் துறையின் வரலாற்றில் அதிகம் கையாளப்பட்ட இருபது எண்கள் உள்ளன. ஆர்தர் குஷ்னி, ராய் பீபிள்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ நகர மனநலக் காப்பகத்தின் நோயாளிகளிடம் தூக்க மருந்துகளைச் சோதித்து, முடிவுகளை 1905-இல் வெளியிட்டார்கள். மருந்தில்லாத இரவுகளைவிட மருந்து தந்த இரவுகளில் ஒருவர் சராசரியாக எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார் என்பதுதான் அளவு. பத்து நோயாளிகள், ஒவ்வொருவரும் இரண்டு மருந்துகளையும் வெவ்வேறு இரவுகளில் பெற்றவர்கள்.

முதல் மருந்து: 0.7, −1.6, −0.2, −1.2, −0.1, 3.4, 3.7, 0.8, 0.0, 2.0
இரண்டாம் மருந்து: 1.9, 0.8, 1.1, 0.1, −0.1, 4.4, 5.5, 1.6, 4.6, 3.4

முதல் வரிசையின் சராசரி 0.75 மணி நேரம்; இரண்டாவதின் சராசரி 2.33. இடைவெளி 1.58 மணி நேரம், அதாவது ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். தூக்கம் வராமல் தவிப்பவருக்கு இது சிறிய விஷயமல்ல. ஆனால் பத்தே பேரை வைத்து இதை நம்பலாமா?

சூத்திரம் எதுவும் இல்லாமலே ஒரு விடை காணலாம். மேலும் கீழும் நேருக்கு நேராக நிற்கும் எண்கள் ஒரே நோயாளிக்குரியவை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4 என்று வருகிறது. ஒருவருக்கு வித்தியாசமே இல்லை. மீதி ஒன்பது பேருக்கும் இரண்டாம் மருந்துதான் அதிகத் தூக்கம் தந்திருக்கிறது. மருந்துகள் சமம் என்றால் ஒவ்வொரு நோயாளியிடமும் எது முந்தும் என்பது நாணயத்தைச் சுண்டுவதற்குச் சமம். ஒன்பது தடவையும் ஒரே மருந்துக்குச் சாதகமாக விழ 512-இல் ஒரு வாய்ப்பு. எந்த மருந்தாக இருந்தாலும் சரி என்று இரண்டு பக்கத்தையும் சேர்த்தால் 256-இல் ஒன்று. குறிச் சோதனை எனப்படும் இந்த வாதத்தைப் பள்ளி மாணவரும் பின்தொடரலாம். ஆனால் இது 4.6-ஐயும் 0.8-ஐயும் ஒரே தட்டில் வைக்கிறது. வித்தியாசத்தின் அளவு அதன் கண்ணில் படுவதில்லை.

அளவையும் கணக்கில் சேர்க்க வழி கண்டவர் வில்லியம் சீலி கோசெட். ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியலும் கணிதமும் படித்து, 1899-இல் டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பார்லி, மால்ட், ஹாப்ஸ் பற்றிய அவருடைய சோதனைகளில் கிடைத்தவை நாலைந்து அளவீடுகள்தாம். அன்றைய புள்ளியியலோ பெரிய மாதிரிகளை நம்பியிருந்தது. சிறு மாதிரியில் உள்ள சிக்கல் இது: சராசரி எவ்வளவு ஆடும் என்று சொல்ல முழுமைத்தொகுதியின் திட்டவிலக்கம், அதாவது சிதறலின் அளவு, தெரிய வேண்டும், அதையும் அதே நாலைந்து எண்களிலிருந்துதான் மதிப்பிட வேண்டும், அந்த மதிப்பீடும் ஆடும். இரண்டு ஆட்டத்தையும் சேர்த்துக் கணக்கிடும் பரவலைக் கோசெட் 1908-இல் பயோமெட்ரிகா இதழில் வெளியிட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வுகளை வெளியிட நிறுவனம் இடம் தராததால் ‘ஸ்டூடண்ட்’ என்று கையெழுத்திட்டார். கணிதத்தை மட்டும் நம்பி அவர் இருந்துவிடவில்லை. 3,000 குற்றவாளிகளின் உயரமும் இடது நடுவிரலின் நீளமும் பதிவான பழைய ஆய்வு ஒன்றின் எண்களை அட்டைகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து, 750 சிறு மாதிரிகளில் தன் வளைவரை பொருந்துகிறதா என்று பார்த்தார். கணினி இல்லாத காலத்தில் இதைச் செய்தவரின் பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

அதே கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தியவைதாம் கலமசூவின் தூக்கக் கணக்குகள். இன்றைய வடிவத்தில் அந்தச் சோதனை இப்படிப் போகும். பத்து வித்தியாசங்களின் சராசரி 1.58, திட்டவிலக்கம் 1.23. அதைப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால், சராசரியின் ஆட்டத்தை அளக்கும் திட்டப்பிழை 0.39. சராசரியைத் திட்டப்பிழையால் வகுத்தால் 4.06. இதுதான் டி-மதிப்பு. மருந்துகள் சமமாக இருந்தால், பத்து வித்தியாசங்களிலிருந்து கிடைக்கும் டி-மதிப்பு 2.26-ஐத் தாண்டுவது, குறி எதுவானாலும், நூற்றில் ஐந்து தடவைதான் நடக்கும். 4.06-ஐ எட்டுவது ஆயிரத்தில் மூன்று தடவைக்கும் குறைவு. இரண்டாம் மருந்தே சிறந்தது என்பதற்கு 666-க்கு 1 என்று பந்தயக் கணக்கில் எழுதினார் கோசெட்.

இனி அதே இருபது எண்களை வேறு விதமாகக் கையாளலாம். யார் எந்த எண்ணுக்குரியவர் என்பதை மறைத்துவிட்டு, முதல் மருந்தைப் பத்துப் பேரும் இரண்டாவதை வேறு பத்துப் பேரும் சாப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். இரு தனித்தனி மாதிரிகளை ஒப்பிடும் டி-சோதனையில், வித்தியாசம் அதே 1.58-தான்; திட்டப்பிழை மட்டும் 0.39-இலிருந்து 0.85-க்கு ஏறிவிடுகிறது. டி-மதிப்பு 1.86. தேவையான எல்லை சுமார் 2.1. தற்செயலாகவே இது வர நூற்றில் எட்டு வாய்ப்பு இருக்கிறது. தீர்ப்பு மாறிவிட்டது: வேறுபாட்டுக்குப் போதிய சான்று இல்லை.

காரணம் நோயாளிகளிடம் இருக்கிறது. ஆறாமவரும் ஏழாமவரும் எந்த மருந்தைத் தந்தாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கினார்கள். நான்காமவரும் ஐந்தாமவரும் எதைத் தந்தாலும் சொல்லத்தக்க அளவு கூடுதலாகத் தூங்கவில்லை. ஆளுக்கு ஆள் உள்ள இந்தப் பெரிய மாறுபாடு, ஒருவரை அவரோடேயே ஒப்பிடும்போது கழிந்துபோகிறது. தனித்தனிக் குழுக்களாகப் பார்க்கும்போது அது முழுதும் திட்டப்பிழைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இணைத்து ஒப்பிடுவதா, தனித்து ஒப்பிடுவதா என்பதைக் கணக்குப் போடுபவர் விருப்பம்போல் தேர்ந்தெடுக்க முடியாது. சோதனை நடத்தப்பட்ட விதம் அதை முன்பே முடிவு செய்துவிட்டது. இங்கே சரியான விடை 4.06-தான், ஏனெனில் நோயாளிகள் பத்துப் பேர்தான்.

இன்னொரு வேடிக்கையும் இந்த எண்களில் ஒளிந்திருக்கிறது. ஒன்பதாம் நோயாளியின் 4.6 மற்றவர்களை விட்டு வெகுதூரம் விலகி நிற்கிறது. இரண்டாம் மருந்துக்கு மிகவும் சாதகமான சாட்சி அவர்தான். அவரை நீக்கினால் சராசரி வித்தியாசம் 1.24-ஆக இறங்குகிறது, ஆனால் டி-மதிப்பு 5.66-ஆக ஏறுகிறது. சராசரியைத் தூக்கிவிட்டதைவிட அதிகமாகத் திட்டவிலக்கத்தை அவர் ஊதிவிட்டிருந்தார். எண்கள் மணி வடிவ இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுகின்றன என்ற அனுமானத்தின் மேல் டி-சோதனை நிற்பதால் வரும் பலவீனம் இது. அதைத் தவிர்க்க, அளவுகளைத் தர வரிசையாக மாற்றி ஒப்பிடும் முறையை 1945-இல் ஃபிராங்க் வில்காக்சன் தந்தார். மானும் விட்னியும் 1947-இல் அதை விரிவாக்கினார்கள். இரு தொகுதிகளின் சிதறல் சமமாக இல்லாதபோது கையாள வேண்டிய திருத்தம் வெல்ச் என்ற புள்ளியியலாளருடையது. இன்றைய மென்பொருள்கள் சிலவற்றில் அதுவே இயல்பான தேர்வு.

நூற்றில் ஐந்து என்ற எல்லைக்கு இயற்கையில் எந்த ஆதாரமும் இல்லை. ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் வெளியிட்ட, ஆய்வாளர்களுக்கான புள்ளியியல் கையேட்டில் அதை வசதியான அளவாக எடுத்துக்கொண்டார், அட்டவணைகள் அதன்படி அச்சாயின, பழக்கம் விதியாயிற்று. பாடநூல்கள் இந்த எல்லையை மிகைகாண் நிலை என்கின்றன. வேறுபாடு இல்லை என்று வைத்துக்கொண்டால், கண்ட அளவோ அதைவிடப் பெரிதோ வருவதற்கான நிகழ்தகவு பி-மதிப்பு. மருந்துகள் சமமாக இருப்பதற்கான நிகழ்தகவு என்று அதைப் படிப்பது மிகப் பரவலான தவறு. 2016-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் தனி அறிக்கையே வெளியிட்டு இதை மறுக்க வேண்டியிருந்தது. பல ஒப்பீடுகளைச் செய்து ஒன்றை மட்டும் வெளியிடுவது வேறு வகை ஏமாற்று. எந்த வேறுபாடும் இல்லாத இருபது விஷயங்களைச் சோதித்தாலும், ஒன்றாவது எல்லையைத் தாண்டிவிட நூற்றுக்கு 64 வாய்ப்பு.

இல்லாத வேறுபாட்டை உண்டு என்பது முதல் வகைப் பிழை. உள்ள வேறுபாட்டைத் தவறவிடுவது இரண்டாம் வகைப் பிழை. எர்சி நெய்மனும் எகான் பியர்சனும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டி, 1933-இல் சோதனைக் கோட்பாட்டை ஒழுங்குபடுத்தினார்கள். ஃபிஷருக்கு அவர்கள் போக்கு பிடிக்கவில்லை. அந்தச் சண்டை கடைசிவரை ஓயவில்லை. ஆனால் எத்தனை பேரைச் சோதிக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட இரண்டாம் வகைப் பிழை இல்லாமல் வழியில்லை.

அதன் முக்கியத்துவத்தைச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு நன்றாகக் காட்டும். காசநோயாளிகளைச் சானடோரியத்தில் சேர்த்துச் சத்துணவும் ஓய்வும் தந்துதான் குணப்படுத்த முடியும் என்று நம்பப்பட்ட காலம். இந்தியா முழுவதும் அதற்குத் தேவையான படுக்கைகள் கிடையாது. 1956-இல் தொடங்கப்பட்ட சென்னைக் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், 193 நோயாளிகளை எழுமாற்றாக இரு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு வீட்டில் இருந்தபடியே சிகிச்சை, மற்றதற்குச் சானடோரியத்தில். மருந்துகள் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டுக் குழுவில் 86 சதவீதம், சானடோரியக் குழுவில் 92 சதவீதம்.

இங்கே ஒப்பிடப்படுபவை சராசரிகள் அல்ல, விகிதங்கள், வாதம் அதேதான். ஒரு பக்கத்துக்கு நூறு பேருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போது, இரு விகிதங்களின் வித்தியாசத்துக்குத் திட்டப்பிழை நாலரை முதல் ஐந்து சதவீதப் புள்ளி வரும். ஆறு புள்ளி வித்தியாசம் அதைப் போல் சுமார் 1.3 மடங்கு, பெரிய மாதிரிகளுக்கான எல்லையான 1.96-ஐத் தொடவில்லை. இதைக் கொண்டு இரண்டு சிகிச்சையும் சமம் என்று சொல்லிவிட முடியாது. உண்மையிலேயே ஆறு புள்ளி வித்தியாசம் இருந்திருந்தாலும், இந்த அளவு மாதிரி அதைக் கண்டுபிடிக்க நாலில் ஒரு வாய்ப்புக்குச் சற்று மேல்தான் இருந்தது. ஐந்தில் நாலு தடவை பிடிபட வேண்டுமென்றால் குழுவுக்கு 420 பேராவது தேவை. கணக்கு சொல்வதெல்லாம், சானடோரியத்தின் அனுகூலம் பதினைந்து புள்ளி வரை இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம் என்பதுதான்.

எனினும் நோயாளிகளில் பலர் நெருக்கடியான வீடுகளில், குறைந்த உணவோடு வாழ்ந்தவர்கள். அந்த நிலையிலும் நூற்றுக்கு 86 பேர் தேறியதுதான் மருத்துவ உலகை நிமிர்ந்து பார்க்க வைத்தது. ஆறு புள்ளி அனுகூலம் உண்மையே என்று ஒப்புக்கொண்டாலும், அதற்காக இல்லாத படுக்கைகளுக்குக் காத்திருந்தால் வெளியே நிற்பவர்கள் சிகிச்சையே இல்லாமல் போவார்கள். அந்தச் செலவையும் இழப்பையும் எடைபோட்ட பின்தான், 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாக ஏற்றது.