உறைந்தால்தான் திருவிழா: லடாக்கின் குளிர்காலக் கொண்டாட்டம்

ஜனவரி மாதம், இரவு பத்து மணி. தெர்மாமீட்டர் மைனஸ் 15, 20 என்று இறங்கிக்கொண்டிருக்கிறது. ஊரே கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம். ஆனால், லடாக்கின் பல கிராமங்களில் அப்போதுதான் சிலர் வயலுக்குக் கிளம்புகிறார்கள். கோடையில் பார்லி விளைந்த நிலத்தில் மெல்லிசாகத் தண்ணீரைப் பரப்புகிறார்கள். அது உறைந்ததும் மேலே இன்னொரு அடுக்கு. பிறகு மற்றொன்று. சில இரவுகள் இப்படிப் பாடுபட்டால், கண்ணாடி போல ஒரு மைதானம் தயார்!

பொழுது விடிந்ததும் அங்கே குழந்தைகள் வழுக்கி விளையாடுவார்கள். பெரியவர்கள் ஐஸ் ஹாக்கி மட்டையோடு வருவார்கள். பாட்டிமார்கள் வெயில் படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

லடாக்கின் தலைநகரான லே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான உயரம். குளிர்காலத்தில் மலைப்பாதைகளைப் பனி மூடிவிடும். விவசாய வேலையும் இருக்காது. வெளியூர்க்காரர்களின் கண்ணுக்கு இது முடங்கிக் கிடக்கும் காலம். லடாக்கியர்களுக்கோ இதுதான் திருவிழாக் காலம்.

முன்கூட்டியே வந்த புத்தாண்டு

முதல் கொண்டாட்டம் லோசர். ‘லோ’ என்றால் ஆண்டு, ‘சர்’ என்றால் புதியது. திபெத்தியர்களின் லோசர் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். லடாக்கில் பெரும்பாலும் டிசம்பரிலேயே வந்துவிடும். இதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லடாக்கை ஆண்ட ஜம்யாங் நம்கியால், பால்டிஸ்தான் மீது படையெடுக்கத் தயாரானார். புத்தாண்டுக்கு முன் போருக்குப் போவது நல்லதல்ல என்று பெரியவர்கள் தடுத்தார்களாம். ‘அப்படியானால் புத்தாண்டையே முன்னால் கொண்டாடிவிடுவோம்’ என்று முடிவெடுத்தாராம் மன்னர். அந்தப் போரில் அவர் தோற்றுப்போனார். ஆனால், முன்னதாகக் கொண்டாடும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

லோசர் சமயத்தில் மாவில் ‘ஐபெக்ஸ்’ என்ற மலை ஆட்டின் உருவங்களைப் பிடித்து, வளம் பெருக வேண்டும் என்று சமையலறை அலமாரியில் வைப்பார்கள். இரவில் தீப்பந்தங்களை ஏந்தி ஊர்வலமாகப் போய், கெட்டவை எல்லாம் ஒழியட்டும் என்று ஊருக்கு வெளியே வீசிவிட்டு வருவார்கள். வீட்டுக்கு வீடு விருந்து, சூடான நூடுல்ஸ் சூப்பான துக்பா, உப்பு போட்ட வெண்ணெய்த் தேநீர் என்று நாட்கள் போகும்.

அடுத்து மடாலயங்களின் முறை. லே விமான நிலையத்தை ஒட்டிய குன்றின் மேல் இருக்கும் ஸ்பிடுக் மடாலயத்தில், பெரும்பாலும் ஜனவரியில் ‘குஸ்டோர்’ விழா நடக்கும். பெரிய முகமூடிகளும் பட்டு அங்கிகளும் அணிந்து துறவிகள் ஆடும் ‘சாம்’ நடனத்தைப் பார்க்க, கடுங்குளிரிலும் கிராமங்களிலிருந்து மக்கள் திரண்டு வருகிறார்கள்.

ராணுவ பூட்ஸில் பிறந்த ஆட்டம்

இந்தப் பழைய விழாக்களோடு புதிதாகச் சேர்ந்துகொண்டதுதான் ஐஸ் ஹாக்கி. எல்லையில் பணியாற்றிய ராணுவ வீரர்கள் உறைந்த குளங்களில் விளையாடுவதைப் பார்த்து, உள்ளூர் இளைஞர்களும் களத்தில் இறங்கினார்கள். கடையில் வாங்க ஸ்கேட்டிங் ஷூ ஏது? பழைய ராணுவ பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு ஆடினார்கள். இன்று ஊருக்கு ஊர் அணிகள் உண்டு.

பெண்களுக்கு அந்த இடம் எளிதில் கிடைக்கவில்லை. ஆண்கள் ஆடி முடித்த பிறகு மிச்சமிருக்கும் நேரம்தான் அவர்களுக்கு. அண்ணன், தம்பியின் ஷூவை இரவல் வாங்கி ஆடியவர்களும் உண்டு. இப்படிப் பழகிய லடாக் பெண்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட இந்திய அணி, 2016-ல் முதல் முறையாக சர்வதேசப் போட்டியில் ஆட தைவானுக்குப் போனது. பயணச் செலவுக்குக் கைகொடுத்தது பொதுமக்களின் நன்கொடை. அடுத்த ஆண்டு பாங்காக்கில் பிலிப்பைன்ஸை வீழ்த்தி முதல் வெற்றியைப் பதிவு செய்தார்கள். 2025-ல் ஐக்கிய அரபு எமிரேட்ஸில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலப் பதக்கம்! வயலில் தண்ணீர் ஊற்றி உருவாக்கிய மைதானத்திலிருந்து தொடங்கிய பயணம் அது.

2020-ல் தொடங்கிய ‘கேலோ இந்தியா’ குளிர்கால விளையாட்டுப் போட்டிகளில் ஐஸ் ஹாக்கி, ஐஸ் ஸ்கேட்டிங் ஆகியவை லேயில் நடக்கின்றன. பனியே விழாத மாநிலங்களிலிருந்தும் வீரர்கள் வருகிறார்கள். சக்கர ஸ்கேட்டிங்கில் பழகிவிட்டு ஐஸுக்கு மாறியவர்கள் பலர். 2025 ஜனவரியில் நடந்த போட்டியில் தமிழக வீரர்கள் தங்கம் வென்று திரும்பினார்கள்.

ஆறே சாலையாகும் அதிசயம்

சாகசம் தேடி வருபவர்களை ஈர்ப்பது ‘சாதர்’. இந்தியில் போர்வை என்று பொருள். ஜனவரி, பிப்ரவரியில் ஜான்ஸ்கார் ஆற்றின் மேல் பனிக்கட்டி போர்வை போலப் படியும். அதன் மேல் நடந்து போவதுதான் சாதர் பயணம்.

ஜான்ஸ்கார் மக்களுக்கு அது சாகசமாகத் தொடங்கவில்லை. கணவாய்கள் மூடிக்கிடக்கும் மாதங்களில் வெளியுலகத்துக்கு இருந்த ஒரே வழி அதுதான். வெண்ணெயை முதுகில் சுமந்து லேவுக்கு விற்கப் போனார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விட அழைத்துப் போனார்கள். இரவில் ஆற்றங்கரைக் குகைகளில் தங்கினார்கள். இன்றும் வழிகாட்டிகள் கழியால் தட்டிப் பார்த்து, எழும் ஓசையை வைத்தே பனிக்கட்டி கனமா, மெல்லிசா என்று சொல்லிவிடுகிறார்கள். புதிதாக வருபவர்களுக்கு அவர்கள் சொல்லித் தரும் முதல் பாடம், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பது.

இப்போது நிம்மு, பதும், தார்ச்சா வழியாக ஜான்ஸ்காருக்குச் சாலை வந்துவிட்டது. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் உயிரைப் பணயம் வைத்து ஆற்றில் நடக்க வேண்டியதில்லை என்பது அந்த மக்களுக்குப் பெரிய நிம்மதி.

‘கடைசி ஓட்டம்’

2023 பிப்ரவரி 20-ல் உலகமே திரும்பிப் பார்த்த ஒரு பந்தயம் இங்கே நடந்தது. சுமார் 13,860 அடி உயரத்தில், உறைந்து கிடந்த பாங்காங் ஏரியின் மேல் 21 கிலோமீட்டர் மாரத்தான். கின்னஸ் சாதனையிலும் இடம்பிடித்தது. அந்த ஓட்டத்துக்கு அமைப்பாளர்கள் வைத்த பெயர், ‘கடைசி ஓட்டம்’. பூமி இப்படியே சூடாகிக்கொண்டு போனால், நாளை ஓடுவதற்கு உறைந்த ஏரி இருக்காது என்ற எச்சரிக்கைதான் அது.

எச்சரிக்கை வீண் போகவில்லை. 2025 பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் நடக்கவேண்டிய கேலோ இந்தியா பனிச்சறுக்குப் போட்டிகள் தள்ளிவைக்கப்பட்டன. காரணம், போதிய பனி விழவில்லை. மார்ச்சில்தான் நடத்த முடிந்தது. லடாக்கிலும் இயற்கைப் பனியில் ஹாக்கி ஆடக் கிடைப்பது ஏறத்தாழ இரண்டு மாதம்தான். குளம் தாமதமாக உறைந்தால், ஒரு தலைமுறை வீரர்களின் பயிற்சி நாட்களும் குறைந்துவிடும்.

விளையாட்டோடு போகிற கவலையா இது? இல்லை. லடாக்கில் ஆண்டுக்கு சுமார் 100 மில்லிமீட்டர்தான் மழை. பயிர் விளைவது பனியும் பனிப்பாறையும் உருகி வரும் தண்ணீரில். விதைப்புக்குத் தண்ணீர் தேவைப்படும் ஏப்ரல், மே மாதங்களில் ஓடை வற்றிக் கிடந்தால் அந்த ஆண்டு விவசாயமே சிக்கல்தான்.

இதற்காகத்தான் பொறியாளர் செவாங் நோர்பெல், குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரைத் தடுத்து நிறுத்தி உறையவைத்து, செயற்கைப் பனிப்பாறைகளை உருவாக்கினார். 2015-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சோனம் வாங்சுக் அதே எண்ணத்தை வேறு வடிவத்துக்குக் கொண்டுபோனார். மேட்டிலிருந்து குழாயில் வரும் நீரை, இரவில் மேல்நோக்கிப் பீய்ச்சி அடித்தால், அது காற்றிலேயே உறைந்து கூம்பாக வளரும். கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவு என்பதால் மெதுவாக உருகும். பௌத்த ஸ்தூபி போல இருப்பதால் பெயர் ‘ஐஸ் ஸ்தூபி’. மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

ஹாக்கி மைதானத்துக்காக இரவில் தண்ணீர் பாய்ச்சுவதும், விதைப்புக்காகக் கூம்பு வளர்ப்பதும் ஒரே குளிரை நம்பித்தான். அந்த இரவுக் குளிர் இருக்கும்வரைதான் ஆட்டமும், ஆற்று நடையும், வசந்தத்தில் பார்லி விதைப்பும்.

நேரில் பார்க்க ஆசையா?

* குளிர்காலத்தில் லேவுக்குப் போக விமானமே நல்ல வழி. வானிலையால் விமானம் ரத்தாகலாம். கையில் ஓரிரு நாட்கள் கூடுதலாக இருக்கட்டும்.
* இறங்கியதும் குறைந்தது 2 நாட்கள் முழு ஓய்வு அவசியம். அங்கே காற்றில் ஆக்ஸிஜன் குறைவு. தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.
* இதயம், நுரையீரல் பிரச்னை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முதியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.
* ஒரே தடிமனான ஸ்வெட்டரைவிட, மெல்லிய உடைகளை அடுக்கடுக்காகப் போடுவது குளிரை நன்றாகத் தாங்கும்.
* சாதர் நடைப்பயணத்துக்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயம். உள்ளூர் வழிகாட்டி ‘இன்று போக வேண்டாம்’ என்றால், அதற்கு மறுபேச்சு வேண்டாம்.
* குளிரில் குழாய்கள் உறைந்துவிடுவதால் பல விடுதிகளில் வாளித் தண்ணீர்தான். அதைச் சிக்கனமாகச் செலவழிப்பது, அந்த ஊருக்கு விருந்தாளிகள் செய்யக்கூடிய சின்ன மரியாதை.