ஜன்னல் இல்லாத கண்ணாடி மாளிகை

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஹோம்டெல் என்ற ஊரில் ஒரு பிரம்மாண்டமான கட்டடம் நிற்கிறது. வெளிச்சுவர் முழுக்கக் கண்ணாடி. ஆனால் உள்ளே வேலை பார்த்த விஞ்ஞானிகளின் அறைகளுக்கு ஜன்னலே கிடையாது!

தொலைபேசித் துறையின் ஜாம்பவானான பெல் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவான பெல் லேப்ஸுக்காக, கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் வடிவமைத்தது இது. 1962இல் திறப்பு விழா நடந்தபோது அவர் உயிரோடில்லை. முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். ஆய்வுக்கூடங்களையும் அலுவலகங்களையும் உள்ளே தள்ளிவிட்டு, கண்ணாடியை ஒட்டி நடைபாதைகளை ஓடவிட்டிருந்தார். வானத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் அறையை விட்டு வெளியே வரவேண்டும். வந்தால் நாலு பேரைப் பார்த்துப் பேசவேண்டிவரும். யோசனை பிரமாதம்தான். இருந்தாலும், நாள் முழுக்க டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அந்தக் கண்ணாடியில் மிக மெல்லிய உலோகப் பூச்சு உண்டு. விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டு, கொஞ்சத்தை மட்டும் ஊடுருவ விடும். அதனால் வெயிலின் சூடு உள்ளே அவ்வளவாக இறங்காது. பகலில் வெளியே நிற்பவருக்கு மரமும் மேகமும்தான் தெரியும். உள்ளே இருப்பவருக்கோ தோட்டம் முழுதும் தெரியும். பூச்சு ஆள் பார்த்து வேலை செய்வதில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் எல்லாம் தலைகீழ்.

கட்டடத்தை விட அந்த மண்ணுக்கு வயது அதிகம், பெருமையும் அதிகம் என்பேன். கடல்கடந்த ரேடியோ தொலைபேசியில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, பெல் லேப்ஸ் பொறியாளர் கார்ல் ஜான்ஸ்கி 1930களின் தொடக்கத்தில் இங்கே ஓர் ஆண்டெனாவை நிறுத்தினார். ஃபோர்டு கார் சக்கரங்களின் மேல் மெல்லச் சுழன்ற அதற்கு ராட்டினம் என்றே பட்டப்பெயர். இடிமின்னல் இரைச்சலோடு இன்னொரு சீறலும் கேட்டது. அது 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சம் தொட்டது. சூரியன் காரணமென்றால் 24 மணி நேரம் ஆகியிருக்கும். 4 நிமிடம் குறைந்ததால், மூலம் நட்சத்திரங்களுக்கிடையே இருக்கிறது என்று புரிந்தது. பால்வெளி மண்டலத்தின் மையத்திலிருந்து வந்த குரல் அது. ரேடியோ வானியல் பிறந்தது இப்படித்தான்.

பின்னாளில், 1985இல், இயற்பியலாளர் ஸ்டீவன் சூ லேசரால் அணுக்களைக் குளிரவைத்ததும் ஹோம்டெல்லில்தான். அதற்காக அவருக்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது.

தொலைபேசி சாம்ராஜ்யம் சிதறியபின் கட்டடம் காலியானது. 2013இல் கைமாறி, இன்று ‘பெல் வொர்க்ஸ்’ என்ற பெயரில் கடைகள், அலுவலகங்களோடு ஊர்ப் பொது நூலகமும் அதற்குள் இயங்குகிறது.