சிறுவனுக்குத் திறந்த கதவு

சீர்காழிக் குளக்கரையில் ஞானசம்பந்தர் மூன்று வயதிலேயே பாடினார் என்பர். ஆற்றலுக்கு வயது ஏது? சென்னை லயோலா கலாசாலையும் 1951-ல் அவ்வாறே எண்ணியது போலும். கலாசாலை மாணவருக்கே உரிய பெர்ட்ரம் டென்னிஸ் பந்தயத்தில் கலந்துகொள்ள, ராமநாதன் கிருஷ்ணன் என்ற பள்ளிச் சிறுவனுக்குப் பிரின்ஸிபால் விசேஷ அனுமதி அளித்தார். சிறுவன் பட்டத்தையே வென்றுவிட்டான்!

பின்னர் அக்கலாசாலையிலேயே பயின்ற ஸ்ரீ கிருஷ்ணன், 1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் பெற்ற முதல் ஆசியரானார். 1960, 1961 இரண்டு வருஷங்களிலும் அங்கே பெரியோர் பந்தயத்தின் அரை இறுதிவரை முன்னேறினார். 1967-ல் பத்ம பூஷண் விருது அவரைத் தேடி வந்தது.

வென்று வந்த வீரருக்குப் பொன்னாடை போர்த்துவது நன்றே. ஆனால் தக்க தருணத்தில் கதவைத் திறந்துவிடுவது அதனினும் பெரிய கௌரவம் அன்றோ? நாற்றங்காலுக்கு நீர் பாய்ச்சாதவன் களத்தில் நெல்லைக் காண்பானா?