வளர்ந்தோர் பயிலும் பனிச்சறுக்கு

நடக்கப் பழகும் குழந்தை ஒரு நாளில் எத்தனையோ முறை விழுகிறது; எழுகிறது; மீண்டும் நடக்கிறது. அது விழுந்ததை எவரும் பெரிதாகக் கொள்வதில்லை. நாற்பது வயதை எட்டிய ஒருவர் பலர் முன்னிலையில் விழுந்தாலோ, அடிபட்ட நோவைக் காட்டிலும், பார்த்தவர் நகைப்பாரோ என்னும் நாணமே அவரைப் பெரிதும் வருத்தும். வயதுவந்த பின் பனிச்சறுக்குப் பயில முனைவோர் முதலில் எதிர்கொள்வது இந்த நாணத்தையே. அதனைத் தொடர்ந்து வருவது அச்சம். இவ்விரண்டையும் கடந்து அக்கலை எவ்வாறு கைவரப் பெறுகிறது என்பதை இன்று ஆராய்வோம்.

காலில் நீண்ட பலகைகளைப் பூட்டிப் பனியின்மேற் செல்லும் வழக்கம் நோர்வே முதலிய வடநாடுகளில் மிகப் பழமையானது. 1888 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டவரான பிரித்யோவ் நான்சென் தம் தோழர் ஐவருடன் கிறீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்கே கடந்தார். அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் அல்ப்ஸ் மலைநாடுகளிலும் பலருடைய ஆவலைத் தூண்டியது.

அவ்வாறு ஆவல் கொண்டோருள் ஒருவர், துப்பறியும் கதைகளாற் புகழ்பெற்ற ஆதர் கொனன் டொயில். காசநோயுற்ற மனைவியின் உடல்நலங் கருதி அவர் சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரிலே தங்கியிருந்தார். 1894 மார்ச்சில், தமது 34 ஆவது வயதில், பிராங்கர் என்னும் உள்ளூர்ச் சகோதரர் இருவருடன் மலைக்கணவாய் ஒன்றைக் கடந்து அரோசாவை அடைந்தார். வழியிலே செங்குத்தான ஒரு சரிவில் அவருடைய பலகைகள் கைதப்பிப் போய்விட, காற்சட்டையையே சறுக்குப்பலகையாகக் கொண்டு கீழிறங்க நேர்ந்தது. இதனை அவரே நகைச்சுவையுடன் எழுதியிருக்கிறார். அரோசா விடுதியின் பதிவேட்டில், அவருடைய தொழிலை ‘விளையாட்டு வீரர்’ என்று சகோதரருள் ஒருவர் எழுதினாராம். எத்தனையோ முறை விழுந்தெழுந்த மனிதருக்கு அது பெரிய பட்டமே.

இனி, சரிவிலே நிகழ்வது யாதென நோக்குவோம். பலகை பனியின்மேல் உராயும்போது வெப்பம் பிறக்கிறது. அவ்வெப்பத்தால் உண்டாகும் மெல்லிய ஈரம் உராய்வைக் குறைக்க, புவியீர்ப்பு நம்மைக் கீழ்நோக்கி இழுக்கிறது. வேகம் கூடுகிறது. அவ்வேளையில் அஞ்சிய உடல் தானாகவே பின்புறம் சாய்கிறது. பள்ளத்தை விட்டு விலகி மலையை அணைத்துக்கொள்ள முயல்கிறது. சமநிலத்தில் நம்மைக் காக்கும் அவ்வியல்பே இங்குப் பகையாகிறது. உடற்பாரம் குதிக்காலுக்குச் சென்றவுடன் பலகையின் முன்பகுதி பனியைப் பற்றாது போகிறது. திருப்பவும் முடிவதில்லை, நிறுத்தவும் முடிவதில்லை. ஆகவே கணைக்கால் சப்பாத்தின் முன்புறத்தை அழுத்துமாறு, பள்ளத்தை நோக்கியே உடலைச் செலுத்த வேண்டும். எதற்கு அஞ்சுகிறோமோ அதன் பக்கமே சாய வேண்டும் என்பதே இக்கலையின் முதற்பாடம்.

இதனை அறிவு விரைவில் ஏற்றுக்கொள்ளும். உடல் ஏற்க நாளாகும். ஆசிரியர் வேண்டப்படுவது இதற்காகவே. ஒஸ்திரியாவின் லிலியன்பெல்ட் என்னும் ஊரில் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி என்பவர் செங்குத்தான சரிவுகளுக்கேற்ற முறையொன்றை வகுத்துப் பலருக்குக் கற்பித்தார். அவருக்குப் பின், ஆள்பேர்க் மலைப்பகுதியிற் பிறந்த ஹனெஸ் சினைடர் சென் அன்ரன் ஊரிலே பாடங்களைப் படிப்படியாக ஒழுங்குபடுத்தினார். மாணாக்கரை அவரவர் திறமைக்கேற்ப வகுப்புகளாகப் பிரித்து, ஒரு படி தேறியபின் மறுபடிக்கு அனுப்பினார். அதனால், துணிந்த இளைஞருக்கே உரியதெனக் கருதப்பட்ட கலை நடுவயதினருக்கும் எட்டுவதாயிற்று.

இன்றும் தொடக்கப்பாடம் அவ்வழியிலேயே செல்கிறது. முதலிற் சமநிலத்தில் ஒற்றைப் பலகையுடன் நடை. அடுத்து மிக மென்மையான சரிவிலே, இரு பலகைகளின் முனைகளும் நெருங்க, பின்பகுதிகள் அகல, ஆப்புப்போன்ற வடிவில் நிற்றல். உள்விளிம்புகள் பனியைக் கீறுவதால் வேகம் தணியும். வலப்பலகையிற் பாரத்தை ஏற்றினால் இடப்புறமும், இடப்பலகையில் ஏற்றினால் வலப்புறமும் திரும்பலாம். நிறுத்தக் கற்ற பின்னரே உயரச் செல்லல் வேண்டும்.

விழுதலுக்கும் முறையுண்டு. விழுவது உறுதியென உணர்ந்தால், கையை ஊன்றாது பக்கவாட்டிற் சரிவதே நன்று. ஊன்றுகோலைப் பற்றிய கையால் நிலத்தைத் தாங்க முயல்வோருக்குப் பெருவிரல் மூட்டின் இணைநார் அறுபடுவதுண்டு. எழும்போது பலகைகள் இரண்டையும் சரிவுக்குக் குறுக்கே வைத்தல் வேண்டும். இன்றேல் எழுந்தவுடன் அவை நம்மை இழுத்துச் சென்றுவிடும்.

முற்காலத்திற் பலகை காலோடு இறுகப் பிணைக்கப்பட்டிருந்தமையால், விழுந்தோரின் கால் முறிதல் மிகுதியாக இருந்தது. நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய யால்மர் வாம் என்னும் வீரர், 1937 இல் தம் கால் முறிந்தபின், தானே விடுபடும் பிணைப்பொன்றை ஆக்கினார். அவ்வகைப் பிணைப்புகள் திருந்தத் திருந்தக் கணைக்கால் முறிவு பெரிதும் குறைந்தது. எனினும் முழங்கால் இணைநார்க் காயம் முற்றாக நீங்கவில்லை. ஆதலின் பிணைப்பை ஒருவருடைய எடைக்கும் திறமைக்கும் ஏற்பத் தேர்ந்தவரைக் கொண்டு பொருத்துவித்தலும், தலைக்கவசம் அணிதலும் இன்றியமையாதன. சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 1967 இல் வகுத்த ஒழுக்க விதிகளுள் ஒன்று, முன்னே செல்பவருக்கு இடர் நேராதவாறு பின்னே வருபவர் தம் வழியைத் தேர்தல் வேண்டும் என்பது. தொடக்கநிலையினருக்கு இது பெரும் ஆறுதல்; முதுகுப்புறத்தை எண்ணி அவர் அஞ்ச வேண்டுவதில்லை.

முதல் நாள் மாலையில் தொடை வலிக்கும்; உடை நனைந்திருக்கும். ஆயினும் காலையில் நிற்கவும் இயலாதவர், ஒரு சிறு சரிவிலே தாம் விரும்பிய இடத்தில் நின்றுவிட்டால், அதுவே அன்றைய வெற்றி. அறியாததை அறியாதவராக ஒப்புக்கொண்டு, பிறர் காணத் தவறி, மீண்டும் எழுதல் குழந்தைக்கு இயல்பாக வாய்த்தது. வளர்ந்தவரோ அதனை முயன்று பெறுதல் வேண்டும். பனிச்சரிவு அவருக்குக் கற்பிப்பது அதனையே.